தகடூர்க் கோட்டையா, கிருஷ்ணகிரி மலையா? ஒரு ஞாயிறு, இரண்டு மரபு நடைகள்

"மச்சான், ஒரு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. தருமபுரியில நடக்கறதா, கிருஷ்ணகிரியிலயா? ரெண்டையும் பாருங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க." பெங்களூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் போனில் இப்படிக் கேட்டார். இரண்டு ஊரிலும் ஆள் வைத்துக் கூட்டிப்போகும் மரபு நடைக்குப் போய்வந்தவன் நான். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம். 2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் நடை என்று வரும்போது இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிருஷ்ணகிரியில் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குள் நுழையும் முன்பே மலை தெரிந்துவிடும், அதன் மேல் கோட்டைச் சுவரும் தெரியும். விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு ஹைதர், திப்பு கைக்குப் போனது. 1791 நவம்பரில் ஓர் இரவு மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேய கர்னல் படையோடு வந்தார். கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டார், மேலே ஏற முடியவில்லை. மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். அந்தச் சரிவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், எந்த வரைபடமும் வேண்டாம், ஏன் முடியவில்லை என்று நம் கால் முட்டியே சொல்லிவிடும். அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்று அப்போது அழைத்த இந்த வட்டாரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போரில் கிடைக்காத மலை காகிதத்தில் கிடைத்தது.

மேலே இடிந்த கட்டடங்கள், பாறைச் சுனைகள், சையத் பாஷா தர்கா. மலைக்கே அவர் பேர்தான். காற்றும் காட்சியும் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே என்றால், நான் போன நடையை ஏற்பாடு செய்தவர்கள் ஒன்பதரைக்குத்தான் கிளம்பினார்கள். அதுவும் மார்ச் கடைசியில். பத்தரைக்குப் பாறை தோசைக்கல்லாகிவிட்டது. பாதி வழியில் ஓர் அம்மா உட்கார்ந்துவிட்டார், அவரோடு இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர்களும் வழிகாட்டி பேசியதைக் கேட்கவில்லை, நிழல் எங்கே என்றுதான் தேடினோம். அவரும் திப்பு, பீரங்கி, சுரங்கப்பாதை என்று வழக்கமான பாட்டையே பாடினார். எல்லாக் கோட்டையிலும் ஒரு சுரங்கப்பாதை இருக்கத்தான் செய்கிறது, யாரும் உள்ளே போய் வந்ததில்லை.

எனக்கு வருத்தம் வெயிலில் இல்லை. மலையடிவாரத்தில் பழையபேட்டை இருக்கிறது. அதை இருபது நிமிடத்தில் விறுவிறுவென்று கடந்து மலைக்குப் போய்விட்டோம். இந்த ஊரில் யாரும் கவனிக்காத பழமை இருப்பது அங்கேதான். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழும். திண்ணை வைத்த சில வீடுகள் இன்னும் நிற்கின்றன. இறங்கி வந்து டீ குடிக்கும்போது கடையில் ஒரு பெரியவர், "எங்கப்பா இந்த ஊர்ல ரயில் ஏறினவருங்க" என்றார். இளைஞர்கள் சிரித்தார்கள். பெரியவர் சொன்னது உண்மை. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதை ரயில் வந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வழி வேண்டுமென்று போட்டது. மறு வருடம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் ஒன்று வந்து, பிறகு அது ஓசூர் வரை நீண்டது. காலப்போக்கில் இரண்டையும் மூடிவிட்டார்கள். தருமபுரிக்காவது பின்னால் வேறு பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரி இன்றைக்கும் ரயில் இல்லாத மாவட்டத் தலைநகர். இரண்டு மணி நேர நடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீக்கடையில் எட்டு ரூபாய்க்குக் கிடைத்தது.

சரி, தருமபுரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சுற்றிப் பாருங்கள். நகைக்கடை, செல்போன் கடை, பேக்கரி. தகடூர் என்று சங்கப் பாட்டில் வரும் ஊர் இதுதான் என்று அடித்துச் சொன்னாலும் நம்பத் தோன்றாது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் ஊர். பெருஞ்சேரல் இரும்பொறைக்கு 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியே இந்த ஊரை அழித்ததால் வந்தது. எறிந்தவன் நன்றாகவே எறிந்திருக்கிறான், கண்ணுக்கு எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் இங்கே ஆள் வேண்டும்.

எங்களைக் கூட்டிப்போனவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். நேரே அகழ்வைப்பகத்துக்கு, அதாவது தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு கல் முன்னால் நிறுத்தினார். "படிக்காதீங்க, முதல்ல குழிகளை எண்ணுங்க" என்றார். எழுத்துகளோடு கல்லில் குழிகள். இரண்டு பெரியவை, ஒன்பது சிறியவை. ஏதோ சிதைவு என்றுதான் நினைத்தோம். அப்புறம் எழுத்தைப் படித்துக் காட்டினார். அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்குக் காதம் 29. பதின்மூன்றாம் நூற்றாண்டு மைல்கல். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சின்னது ஒன்றுக்கு ஒன்று. எழுத்துத் தெரியாத வண்டிக்காரனும் பொதிமாட்டுக்காரனும் இருட்டில் விரலால் தடவியே தூரம் தெரிந்துகொள்ளலாம் என்றார். தாவளம் என்றால் வணிகர் தங்கி வியாபாரம் செய்யும் இடம். தேசிய நெடுஞ்சாலையில் பச்சைப் பலகையைப் பார்த்தே பழகிய எனக்கு அந்தக் கல்லை விட்டு நகர மனம் வரவில்லை.

பக்கத்தில் நடுகற்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நட்டவை. 'தொறு' என்ற சொல்லைத் தேடச் சொன்னார். மாட்டு மந்தை என்று பொருள். வட்டெழுத்து நமக்குப் படிக்க வராது, ஆனால் ஒரு சொல்லை ஒரு கல்லில் காட்டிவிட்டால் அடுத்த கல்லில் நாமே தேட ஆரம்பிக்கிறோம். இரண்டாவது கல்லில் நான் காட்டியது தப்பு. மூன்றாவதில் சரி.

பிறகு கோட்டைக் கோயில்கள். கோட்டை என்று பேர்தான். மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையைத் தொடாத தூண் இருக்கிறது. அடியில் துண்டை விட்டு இழுத்துக் காட்டுவார்கள், எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். எங்கள் வாத்தியார் அதில் நேரம் போக்கவில்லை. "மேலே உத்தரம் பிடிச்சிட்டிருக்குது, அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டு காமாட்சி அம்மன் சன்னதியின் அடித்தளத்துக்குப் போனார். குனிந்து பார்த்தால் சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களில் ராமாயணம் வரிசையாக ஓடுகிறது. பல வருடம் இங்கே சாமி கும்பிட்டவன் நான், ஒருமுறைகூடக் குனிந்ததில்லை. இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர்களைப் பற்றியும் அங்கேயே சொன்னார். அதை அரைகுறையாகத்தான் கேட்டேன், கண் சிற்பத்தில் இருந்தது.

தருமபுரி நடையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அகழ்வைப்பகத்துக்கும் கோட்டைக்கும் நடுவே ஆட்டோ ஹாரனுக்கு மேல் வாத்தியார் குரல் எழும்பவில்லை, பின்னால் வந்தவர்கள் பாதியைத் தவறவிட்டார்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். போட்டோவுக்கு ஏற்ற இடமும் குறைவு. அதியமான்கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம், சென்றாயப் பெருமாள் கோயில் கூரை ஓவியங்களுக்காகப் போகலாம், ஆனால் அன்றைக்கே வேண்டாம்.

ஆக, மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். காசு கொடுத்து ஆள் வைத்துக்கொண்டு நடப்பதானால் தருமபுரி. கிருஷ்ணகிரி மலைக்கு ஆள் தேவையில்லை, தண்ணீரும் விடியற்காலையும் போதும். யாராவது பழையபேட்டையை மட்டும் தெருத் தெருவாக, ரயில் கதையோடு கூட்டிப்போனால் நான் மறுபடி முதல் ஆளாகப் பேர் கொடுப்பேன். அதுவரை அங்கே டீக்கடைதான் வழிகாட்டி.

அவர் தன் மகளோடு தருமபுரிக்கே வந்தார். மகள் குழிகளை எண்ணிவிட்டு, "பதினொண்ணு காதம், மாமா" என்றாள். அவள் அப்பா பெரிய குழியைத் தொட்டுக் காட்டி மறுபடி எண்ணச் சொன்னார். மலையைப் பொங்கல் விடுமுறைக்கு வைத்திருக்கிறோம். ஆறு மணிக்கே அடிவாரத்தில் நிற்க வேண்டும் என்றதும் மாப்பிள்ளை முகம்தான் கொஞ்சம் மாறியது.