பத்தாண்டு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றபோது, 2015-இல் நான் வாங்கிய மடிக்கணினி எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் (புராசஸர்) பட்டியலில் அதன் செயலி இல்லை. நல்ல கருவியைக் கழித்துப்போட மனம் வராமல், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட் 22.2-ஐ, சினமன் என்னும் திரைச்சூழல் கொண்ட பதிப்பில் நிறுவினேன். மூன்று மாதங்களாக என் எழுத்துவேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது.

கீழே பணிப்பட்டை, இடது மூலையில் பட்டி (மெனு), வலது மூலையில் கடிகாரம் என்று அமைந்திருப்பதால் விண்டோஸில் பழகிய கை தடுமாறுவதில்லை. வன்தட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒலி, அச்சுப்பொறி, வைஃபை மூன்றையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். என் கணினியில் வைஃபை மட்டும் எழவில்லை. கைப்பேசியின் இணையத்தை யூஎஸ்பி வழியாகக் கொடுத்து, இயக்கி மேலாளரில் (டிரைவர் மேனேஜர்) உரிய இயக்கியை நிறுவியதும் அது சரியானது.

எனக்கு முதன்மையான கேள்வி தமிழ் உள்ளீடுதான். தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு செய்ய, ஐபஸ் எம்17என் என்னும் உள்ளீட்டு மென்பொருள் பொதியைத் தனியே நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டியிருந்தது. புதியவர் ஒருவர் இந்த இடத்திலேயே சலித்துத் திரும்பிவிடக்கூடும் என்பதால் இதை ஒரு குறையாகவே சொல்கிறேன். நிறுவிய பிறகு குறை ஏதுமில்லை: ககர விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுகிறது, லிப்ரெஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளிலும் உலாவியிலும் ஒரே சீராக எழுத முடிகிறது. லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸுடன் வருபவை. அவற்றில் அமைத்த பழைய கோப்புகளை இங்கே திறக்கும்போது வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து அமர்வதால் வரிகளும் பக்கங்களும் நகர்கின்றன. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்த கோப்புகளோ, அந்த எழுத்துருவை நிறுவும்வரை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

புதுப்பிப்புக்கு முன் டைம்ஷிஃப்ட் என்னும் கருவியைக் கொண்டு கணினியின் நிலையைப் பதிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஏதேனும் பிசகினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை மட்டுமே. சொந்தக் கோப்புகளுக்குத் தனிப்படி வேண்டும்.

எழுத்து, படிப்பு, இணையம் இவையே வேலை என்றால் தயங்காமல் மாறலாம். கணக்கு மென்பொருளான டேலியிலோ, படம் திருத்தும் ஃபோட்டோஷாப்பிலோ பிழைப்பு நடத்துகிறவர்கள் விண்டோஸை முற்றிலும் அழித்துவிட வேண்டாம். அவை லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. வன்தட்டில் இடமிருந்தால் இரண்டையும் அருகருகே நிறுவிக்கொண்டு, விண்டோஸை முடிந்தவரை இணையத்தோடு இணைக்காமல் அந்த வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.