போதைப்பொருள் பறிமுதல்: எடை, மதிப்பு, விலை, கழிவுநீர், குலுக்கல் சோதனை – எந்த அளவுகோல் உண்மை சொல்லும்?

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 2023-இல் பிடிபட்ட கோகோயின் 116 டன். மறு ஆண்டு 44 டன். காவல் கடுமையானதால் வரத்து குறைந்ததா, சரக்கு சின்னப் பொதிகளாகவும் வேறு துறைமுகங்கள் வழியாகவும் போகிறதா? எடை இதைச் சொல்லாது. வந்த சரக்கையும் பிடிபடும் விகிதத்தையும் பெருக்கினால் வருவதுதான் பறிமுதல் எடை. இரண்டில் ஒன்றாவது தனியாகத் தெரிந்தாக வேண்டும்.

எடையின் ஒரே பலம், பறிமுதல் செய்யும்போதே எழுதும் மகஜரிலேயே கிடைத்துவிடுகிறது என்பது. 80 சதவீதத் தூய்மையுள்ள 10 கிலோவும் 40 சதவீதத்தில் 10 கிலோவும் அதில் ஒன்றுதான். தண்டனைக்குக் கலவையின் மொத்த எடையைக் கணக்கிடலாம் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குக்கு அது போதும். பறிமுதலின் பலனை அளக்க, ஆய்வக அறிக்கையின் தூய்மையால் எடையைப் பெருக்கியே பதிய வேண்டும்.

ரூபாய் மதிப்பு இதைவிட மோசம். 2021 செப்டம்பரில் முந்த்ரா துறைமுகத்தில் டால்க் கல் என்று வந்த 2 கண்டெய்னர்களில் 2,988 கிலோ ஹெராயின் சிக்கியது. சுமார் 21,000 கோடி என்றார்கள். கிலோவுக்கு 7 கோடி. கடத்தியவருக்கு நிஜமான நஷ்டம், ஆப்கானிஸ்தானில் கொடுத்த கொள்முதல் விலையும் வழிச்செலவும்தான்.

தெருவிலை உயர்ந்தால் பறிமுதல் வலித்திருக்கிறது எனலாம். தூய கிராமுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். ஆனால் 2022-இல் தாலிபான், ஹெராயினுக்கு மூலமான கசகசாச் சாகுபடியைத் தடை செய்தது போன்ற காரணங்களும் விலையை அசைக்கும்.

கழிவுநீர்ச் சோதனையில் ஒரு வாரம், 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுத்து, கோகோயின் உடலில் சிதைந்து உருவாகும் பென்சாயில்எக்கோனைனை அளக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. ஊரின் நுகர்வுக்கு இது அருமையான அளவு. துறைமுகத்தைக் கடந்து வேறு நாட்டுக்குப் போகும் சரக்கு இதில் தெரியவே தெரியாது.

என் தேர்வு குலுக்கல் சோதனை. சந்தேகமில்லை என்று விடுவித்தவற்றில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து முழுதாகச் சோதிப்பது. அமெரிக்கச் சுங்கத்துறை 'காம்பெக்ஸ்' என்ற பெயரில் பயணிகளிடமும் வாகனங்களிலும் இதைச் செய்திருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: உளவுத் தகவலால் 30 கண்டெய்னர் பிடிபட்டன, விடுவித்த 50,000-இல் 1,000-ஐ எடுத்துப் பார்த்ததில் 2-இல் சரக்கு. அப்படியானால் தப்பியவை சுமார் 100, பிடிபடும் விகிதம் 23 சதவீதம். தப்பியதற்கு இந்த ஒரு முறைதான் எண் தருகிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. 2 என்பது மிகச் சிறிய எண். 95 சதவீத நம்பிக்கையில் தப்பியவை 12 முதல் 360 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே சில ஆண்டுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆள் தட்டுப்பாட்டில் குலுக்கலில் வந்த பெட்டியை விட்டு, கைக்கெட்டும் பெட்டியைத் திறப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. அந்த மாதிரிக்கு மதிப்பே இல்லை. தேர்வான பெட்டியின் எண் முன்கூட்டியே கசிந்தாலும் அப்படியே. முழுக்க இறக்கிப் பார்த்ததையும் ஸ்கேனரில் ஓட்டியதையும் பதிவேட்டின் ஒரே பத்தியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதாமல், தனித்தனிப் பத்தியில் பதிய வேண்டும்.