‘லம்பர்’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்து ஓர் இணைய அகராதியைச் சோதித்தல்

ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடுவோர் பலர் முதலில் போய் நிற்கும் இடம் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’ என்ற இலவச இணையதளம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கி வளர்த்த சொற்பிறப்பு அகராதி அது. இத்தகைய அகராதியின் தரத்தை அறிய, வேர் ஐயமின்றித் தெரிந்த சொல்லைத் தேடிப் பார்ப்பதால் பயனில்லை. அறிஞர்களே உறுதியாகச் சொல்லத் தயங்கும் சொல்லைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அறுத்த மரத்தைக் குறிக்கும் ‘லம்பர்’ அதற்கு மிகவும் தோதான சொல்.

பதிவு சுருக்கமாகவே இருக்கிறது, ஆனால் சரக்கு நிறைய. பலகையாக அறுத்த மரம் என்ற பொருள் 1660களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில்தான் முதலில் எழுத்தில் காணப்படுகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1550களில், இங்கிலாந்தில் இச்சொல் புழங்கியிருக்கிறது. அப்போது அதற்குப் பொருள் பழைய மேசை நாற்காலி, பயனற்றுக் கிடக்கும் கனமான தட்டுமுட்டுச் சாமான் என்பதே. அதனினும் பழையது இதே வடிவிலுள்ள வினைச்சொல். உடல் கனத்துத் தடுமாறி அசைந்து செல்வதைக் குறிக்கும் அந்த வினை 1300ஆம் ஆண்டையொட்டித் தோன்றுகிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று கூறும் அகராதி, மெதுவாகக் கனத்து நடப்பதைக் குறிக்கும் ஸ்வீடிஷ் வட்டாரச் சொல் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறது. பெயர்ச்சொல் இவ்வினையிலிருந்து பிறந்திருக்கக்கூடும் என்பது அது முன்வைக்கும் முதல் கருத்து.

இரண்டாவது கருத்துத்தான் சுவையானது. வட இத்தாலியின் லொம்பார்டி பகுதியிலிருந்து வந்தவர்கள் இடைக்கால இங்கிலாந்தில் வட்டித் தொழிலுக்கும் அடகுத் தொழிலுக்கும் பெயர் பெற்றிருந்தார்கள். 1290இல் முதலாம் எட்வர்டு யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றிய பிறகு, கடன் கொடுக்கும் தொழில் பெருமளவு இந்த இத்தாலியர் கைக்குப் போயிற்று. லண்டனின் லொம்பார்டு தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்களைக் குறித்த சொல்லை அக்கால ஆங்கிலேயர் ‘லம்பர்’ என்று ஒலிக்கும்படியும் எழுதியிருக்கிறார்கள். அடகுக் கடை என்றால் மீட்கப்படாத பாத்திரமும் பெட்டியும் நாற்காலியும் குவிந்து கிடக்கும் இடம். எனவே கடையின் பெயரே நாளடைவில் அங்கே குவிந்த பொருளுக்கும் ஆகிவந்திருக்கலாம் என்பது வாதம். அகராதி இதற்குத் தரும் இடத்தைவிடக் கூடுதலான ஆதரவு இவ்வாதத்துக்கு உண்டு என்பது என் எண்ணம். ரஷ்ய மொழியில் அடகுக் கடைக்கு இன்றும் ‘லொம்பார்ட்’ என்றுதான் பெயர். டச்சு மொழியில் ‘லொம்மர்ட்’. இவற்றையும் ஒரு வரியில் சேர்த்திருந்தால், இந்த ஊகம் ஆங்கிலத்துக்குள் மட்டும் கிளம்பிய கட்டுக்கதை அல்ல என்பது வாசகருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அடகுக் கடையின் பெயராக அச்சொல் வழங்கியதை மெய்ப்பிப்பது வேறு, அந்தப் பெயரே தட்டுமுட்டுப் பொருளுக்கு ஆகிவந்தது என்று மெய்ப்பிப்பது வேறு. பிந்தையதற்கு நேரடிச் சான்று எதையும் இப்பதிவு காட்டவில்லை.

அதனால்தான் இந்த அகராதியின் ‘பெரும்பாலும்’, ‘ஒருவேளை’ என்ற சொற்களை நான் உயர்வாக மதிக்கிறேன். சொற்களின் கதையைச் சொல்லும் பலரும் இத்தாலிய வட்டிக்கடைக்காரர் கதையை முடிந்த முடிவாகவே எழுதிவிடுவார்கள். கேட்பதற்கு அது இனிக்கிறது அல்லவா? ஹார்ப்பரோ வினைச்சொல்லை முன்னால் நிறுத்தி, லொம்பார்டிக் கதையை அதற்குப் பின்னால், ஐயக்குறிப்போடு வைக்கிறார். தாம் தரும் ஆண்டுகள், எழுத்தில் எஞ்சிய முதல் சான்றின் ஆண்டுகள்தான் என்றும், குறிப்பாக 1700க்கு முற்பட்டவற்றைத் தோராயமாகவே கொள்ள வேண்டும் என்றும் தளத்தின் முன்னுரையில் எச்சரித்திருக்கிறார். அந்த முன்னுரையைப் படிக்காமல் நேரே தேடல் பெட்டிக்குப் போகிறவர்கள், 1660களில் யாரோ உட்கார்ந்து இப்பொருளைப் புதிதாக உருவாக்கியதாக நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

பதிவின் ஓரத்தில் ஒரு சிறு மணியும் கிடைக்கிறது. கப்பலில் ஏற்றிச் செல்லப்படும் போர்வீரர்களையும் பயணிகளையும் மாலுமிகள் ‘உயிருள்ள லம்பர்’ என்று அழைத்ததாக, பழைய கொச்சைச் சொல் அகராதி ஒன்றிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தந்திருக்கிறார்கள். வேலைக்கு உதவாமல் தளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மனிதர்களைப் பற்றிய மாலுமிகளின் எரிச்சல் அந்த இரண்டு சொற்களிலேயே தெரிந்துவிடுகிறது.

குறைக்கு வருகிறேன். பயனற்ற சாமான் எப்படி விலைபோகும் பலகையாயிற்று என்பதே இச்சொல்லின் வரலாற்றில் மையமான கேள்வி. அதற்கு இப்பதிவில் விடை இல்லை. ஓர் ஆண்டைச் சொல்லி, மாசசூசெட்ஸ் என்று குறிப்பிட்டுவிட்டுப் பதிவு அடுத்ததற்குப் போய்விடுகிறது. குடியேற்றக் கால வணிகத்தைச் சற்று நோக்கினால் வழி ஓரளவு தெரிகிறது. மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் துறைமுகங்களிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன மரச்சரக்கில் பலகை மட்டும் இல்லை. பீப்பாய்க்கான வளைபலகைகள், கூரைக்கான மரச்சில்லுகள், சுவருக்கான மெல்லிய பலகைகள் என்று பலவகைத் துண்டுகளும் இருந்தன. இவை அனைத்தையும் சேர்த்துத்தான் ‘லம்பர்’ என்றார்கள். தனித்தனிப் பெயர் சொல்லி முடியாத, இடத்தை அடைக்கும் கலப்புச் சரக்கு என்ற பழைய பொருள் இங்கே மரத்தின் மேல் படிந்திருப்பது இயல்பாகவே தோன்றுகிறது. இங்கிலாந்திலோ சொல் பழையபடியே இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் லண்டனில் வெளியிட்ட அகராதி, மதிப்பைவிடப் பருமன் மிகுந்த பொருள் என்றே இதற்கு விளக்கம் தருகிறது. இந்தப் பிளவைப் படிப்படியாகப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு பொருளுக்கும் பழைய ஆவணங்களிலிருந்து மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்கித் தரும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். அது கட்டணச் சேவை. பல பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு அதைத் திறந்து வைத்திருப்பதால், நூலக அட்டை உள்ளவர்கள் முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

வழக்கு வேறுபாட்டிலும் ஹார்ப்பரின் பதிவு சிக்கனமானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டில் நிற்கும்போது ‘டிம்பர்’, அறுத்த பிறகு ‘லம்பர்’. பிரிட்டனில் அறுத்த பலகையும் ‘டிம்பர்’தான். மர வணிக ஆவணங்களைப் படிப்பவருக்கு இன்றியமையாத இந்த வேறுபாட்டை, அமெரிக்க வழக்கு என்ற ஒற்றைக் குறிப்பிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் ‘டிம்பர்’ பதிவு நிறைவானது: பழைய ஆங்கிலத்தில் அது கட்டடத்தையே குறித்தது என்றும், ஜெர்மன் மொழியில் அறையைக் குறிக்கும் ‘சிம்மர்’ அதன் உறவினர் என்றும் அங்கே படிக்கும்போது, லம்பரின் கலங்கிய வரலாற்றுக்கு நேரெதிராக ஒரு தெளிந்த வரலாறு கிடைக்கிறது. இடுப்பு முதுகெலும்பைக் குறிக்கும் மருத்துவச் சொல் ஓரெழுத்து மாற்றத்தில் இதைப் போலவே இருந்தாலும், லத்தீனிலிருந்து வந்த தனிச்சொல்லாக அதற்குரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

தளத்தில் விளம்பரங்கள் உண்டு. கைபேசியில் அவை சற்று உறுத்தும். பதிவுகளுக்குள் தரப்படும் உள்ளிணைப்புகளோ நன்றாக வேலை செய்கின்றன. வினையிலிருந்து பெயருக்கும், அங்கிருந்து லொம்பார்டியருக்கும், 1831இல் கனடாவில் தோன்றும் ‘லம்பர்ஜாக்’ என்ற மரவெட்டிப் பெயருக்கும் சில தட்டல்களில் போய்விடலாம். மாணவர், மொழிபெயர்ப்பாளர், ஆர்வலர் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்ட மட்டும் இதை நம்பியிருக்க வேண்டாம்.