சுங்கை சிப்புட்டில் கார் ஏர்கோனுக்கு நம்பிப் போகக்கூடிய கடை

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய பழைய புரோட்டோன் சாகாவை நான்தான் இன்னும் ஓட்டுகிறேன். போன மாதம் ஏர்கோன் சுடுகாற்று விட ஆரம்பித்தது. முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) மிச்ச கேஸைப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிட்டுப் புதிது அடிக்கிறோம் என்றார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பசாருக்குப் பின்வரிசையில் இருக்கும் இந்தக் கடையை மச்சான் சொன்னார். ஃபோர்மன் போனெட்டைத் திறந்து கேஸ் வாயிலிருந்த மரையைத் தடவிப் பார்த்தார். "சார், இது ஆர்-12. மெஷின் போட்டுச் சிலிண்டர்ல இழுத்துடணும்" என்றார். ஆர்-12 என்பது ஓசோனைக் கெடுக்கும் பழைய ஏர்கோன் கேஸ். அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறேன் என்றாரே, எனக்கு அதுவே போதும்.

அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். காத்திருந்தால் வாய் சும்மா இருக்காது. அங்கே வேலை பழகும் பையன் வேறு, "இங்க விட்ட கேஸ் தென்துருவத்து ஓசோன்ல எப்படி சார் ஓட்டை போடும்?" என்று கேட்டுவிட்டான். ஓசோன் என்பது வெயிலின் புற ஊதாக் கதிரை உயரத்திலேயே தடுக்கும் வாயு. இந்த கேஸ் சுமார் நூறு ஆண்டு சிதையாமல் உலகமெல்லாம் சுற்றும், மெல்ல மேலே ஏறும், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினைக் கக்கும். அண்டார்க்டிகாவின் இருட்டுக் குளிர்காலத்தில், உயரத்தில் மைனஸ் 78 பாகைக்கும் கீழே போனால் ஒருவகை முகில் கட்டும். சாதுவாகக் கிடந்த குளோரின் அதன்மேல் பட்டுத்தான் மூர்க்கமாகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் வெயில் திரும்பியதும் ஓசோனைத் தின்னத் தொடங்கும். நவம்பர், டிசம்பர் வாக்கில் துருவத்தைச் சுற்றும் காற்றுச்சுழல் உடைந்து, வெளிக்காற்று கலந்து ஓட்டை மூடும். வடதுருவத்தில் அந்தச் சுழல் அடிக்கடி குலைவதால் அவ்வளவு குளிர் நிற்பதில்லை. 2020 போல எப்போதாவதுதான் அங்கே பெரிய இழப்பு. சாகா விற்பனைக்கு வந்த அதே 1985இல்தான் அண்டார்க்டிகாவின் ஹாலி பே ஆய்வு நிலையத்தில் எடுத்த அளவுகளை வைத்துப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஓட்டையைச் சொன்னார்கள் என்றதும், பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

சரி, வேலைக்கு வருவோம். எண்ணெய், ஓரிங், டிரையர் எல்லாம் மாற்றி ஆர்-134ஏ போட்டார்கள். 480 வெள்ளி. இந்தப் புது கேஸில் குளோரின் இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும் கேஸ், அதையும் வெளியே விடக் கூடாது என்று ஃபோர்மனே சொன்னார்.

குறை உண்டு. இரண்டு நாள் என்றது நான்கு நாள் ஆனது. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் கால் ஆடும். உச்சிவெயிலில் சிக்னலில் நின்றால் குளிர் கொஞ்சம் இறங்குகிறது. பழைய காரில் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.