வாக்குத்தத்த அட்டைப் பெட்டி: கஷ்ட காலத்துக்கு எவ்வளவு தாங்கும்?

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் எப்போதும் கிடைக்கும் பொருள் இது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, உள்ளே அடுக்கிய அட்டைகள், அட்டைக்கு ஒரு வேத வசனம், பெரும்பாலும் வாக்குத்தத்தம், அதாவது தேவன் கொடுத்த வாக்குறுதி. காலையில் ஒன்றை உருவி வாசித்துவிட்டு அன்றைய நாளைத் தொடங்க வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும், துக்க வீட்டுக்குப் போகிறவர்களும், வேலை போனவருக்கு ஏதாவது கொடுக்க நினைக்கிறவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். அதனால் பூப்படம் அழகா, பெட்டி உறுதியா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். உடைந்துபோயிருக்கும் ஒருவர் கையில் இது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். துக்கத்திலோ கடும் வலியிலோ இருப்பவருக்குக் கவனம் நிற்காது. ஒரு அதிகாரத்தை வாசிக்கச் சொன்னால் நாலாவது வரிக்குள் மனம் எங்கோ போய்விடும், வாசித்த வரியையே திரும்ப வாசிப்பார். அட்டையில் இருப்பதோ பதினைந்து இருபது சொல். அதை வாசித்து முடிக்க முடிகிறது. மருந்துச் சீட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது எடுத்துப் பார்க்கலாம். மனப்பாடமாகிவிட்டால் தூக்கம் வராத இரவில் விளக்குகூடப் போட வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, இந்தப் பெட்டியைக் கேலி செய்கிறவர்களோடு நாம் சேரத் தேவையில்லை.

குறை இருப்பது வசனத் தேர்வில். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்கள் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் ஜெபங்கள். ஆனால் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால் ஆசீர்வாதம், வெற்றி, உயர்வு, திறந்த வாசல். அழுகிறவருடைய குரல் ஒரு அட்டையிலும் இருக்காது. வேதத்தில் அந்த வாக்குகளைப் பெற்றவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதும் வெட்டுப்பட்டுப் போகிறது. பலன் என்னவென்றால், பத்து நாள் நன்றாக இருக்கும். பதினோராவது நாள் ரிப்போர்ட் மோசமாக வந்தால், 'வசனம் பொய்யா, என் விசுவாசம் போதவில்லையா' என்ற கேள்வி வரும். நொந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நம்புவார்கள். ஆறுதலுக்கு வாங்கிய பொருள் குற்ற உணர்ச்சியைக் கொடுத்துவிட்டுப் போகும்.

எல்லாப் பெட்டியிலும் இருக்கும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்' என்று தொடங்கும் வசனம். அட்டையில் தனியாக வாசித்தால், நாம் நினைப்பது சீக்கிரம் நடக்கும் என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். அந்த அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்பதற்கு இனிப்பான தீர்க்கதரிசனம், பொய்யாய்ப் போயிற்று. எரேமியா சொன்ன கணக்கு 29:10ல் இருக்கிறது, அட்டையில் வரும் வசனத்துக்கு நேர் மேலே: எழுபது வருஷம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பவே போவதில்லை என்று அர்த்தம்.

அதற்காக அந்த வசனத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கொஞ்சம் மேலே ஏறி 5 முதல் 7 வரை பாருங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள். நிலைமை மாறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. மாறாத நிலைமைக்குள்ளேயே வாழச் சொல்கிறது. நாள்பட்ட நோயோடு இருப்பவருக்கும், பிள்ளை சரியாகாத குடும்பத்துக்கும் வேண்டியது இந்த ஐந்தாம் வசனம்தான். அதை எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

மற்ற பிரபல அட்டைகளும் கிட்டத்தட்ட இதே கதி. 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற பிலிப்பியர் 4:13 தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும் போகிறவர்களுக்கு என்று ஆகிவிட்டது. பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார், முந்தின வசனத்தில் பேசுவது பட்டினியைப் பற்றி. 'வாலாக்காமல் தலையாக்குவார்' என்பது உபாகமம் 28:13. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், அதற்குப் பின்னால் சாபம் 54 வசனம், இரண்டும் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கையின் நிபந்தனைகள். இதைத் தனியாகக் கிழித்தெடுத்து, கடனில் மூழ்கியவர் கையில் கொடுப்பது நல்ல வேலை இல்லை. ரோமர் 8:28ஐ முழுசாகப் போடாமல் 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்று மட்டும் போடும் அட்டைகளும் உண்டு. அந்த வசனத்துக்கு முன்னால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், என்ன ஜெபிப்பது என்றே தெரியாதபோது ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று வரிசையாக வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால், அழுகிறவர் காதில் அது 'அழாதே' என்று விழும்.

நல்ல தேர்வும் இல்லாமல் இல்லை. ஏசாயா 43:2 அருமையான அட்டை. 'நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்' என்பதில் தண்ணீர் வராது என்ற வாக்கே இல்லை. வரும், கடப்பாய், கூட இருப்பேன். இப்படிப்பட்ட வசனங்கள் எத்தனை இருக்கின்றன என்பதை வைத்தே ஒரு பெட்டியின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

வாங்குமுன் கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். வசனத்தைப் பாதியில் வெட்டிப் புள்ளி வைத்திருக்கிறதா? அதிகாரமும் வசன எண்ணும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவில் இருக்கிறதா? பின்பக்கம் காலியாக, பளபளப்புப் பூச்சு இல்லாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் அங்கே எழுத வேண்டியிருக்கும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, பேனா மை அப்பிக்கொள்ளும். அடுத்து, உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். இதுதான் முக்கியமான சோதனை. கிறிஸ்தவ நம்பிக்கை 'நாளை சரியாகிவிடும்' என்ற எண்ணத்தின்மேல் நிற்பதில்லை. இயேசு மரித்து எழுந்தார் என்பதன்மேல் நிற்கிறது. 1 பேதுரு 1:3 ஜீவனுள்ள நம்பிக்கை என்று சொல்லும்போது அதை நேரே உயிர்த்தெழுதலோடுதான் கட்டுகிறது, மூன்று வசனம் தள்ளி துக்கப்படுகிறீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. 1 கொரிந்தியர் 15:14 இன்னும் கறார்: கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் விசுவாசமே வீண். ரிப்போர்ட் மாறினாலும் மாறாவிட்டாலும் நிற்கக்கூடிய தளம் இது. அட்டை நூறு இருந்தும் இதைத் தொடும் அட்டை ஒன்றிரண்டுகூட இல்லையென்றால் அந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் பயன்படுத்தும் முறையை மாற்றினாலே பாதிக் குறை தீரும். தினம் ஒன்று என்பதை விட்டு, வாரத்துக்கு ஒன்று போதும். முதல் நாள் அட்டையை மட்டும் வாசியுங்கள். இரண்டாம் நாள் வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தின பத்து வசனம், மூன்றாம் நாள் பிந்தின பத்து வசனம். பிறகு பின்பக்கத்தில் பென்சிலால் மூன்றே குறிப்பு: யார் சொன்னது, யாருக்கு, அவர்கள் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள். மீதி நாட்களில் அந்த வசனத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. உருவிய அட்டை பிடிக்காவிட்டால் உள்ளே போட்டுவிட்டு வேறொன்று எடுப்பது. அப்படிச் செய்தால் அது சீட்டுக் குலுக்கல், வேத வாசிப்பு இல்லை. எந்த வேலையை எடுப்பது, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்பதையெல்லாம் அட்டை உருவி முடிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, காலி அட்டைகள் ஐந்தாறு வெட்டி, பெட்டியில் இல்லாததை நீங்களே சேர்த்துவிடுங்கள். முதலில் சங்கீதம் 13. மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்று கேட்டுக் கேட்டு முறையிடுகிறது, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் இந்த அமைப்பிலேயே இரண்டிரண்டு வாக்கியம் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். கடைசி இரண்டு இன்று வரவில்லையா, முதல் நான்கோடு நிறுத்துங்கள், பரவாயில்லை. சங்கீதம் 88 அப்படித்தான் முடிகிறது. பதினெட்டு வசனம், நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது, திருப்பமே இல்லை. 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்ற தொடக்கம் ஒன்றுதான் அதில் வெளிச்சம். அதுவும் வேதத்தில் ஜெபமாக இடம்பெற்றிருக்கிறது என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

புலம்பல் என்ற புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் வழக்கமாக அச்சடிக்கும் 22, 23 மட்டும் வேண்டாம். தேவனுடைய இரக்கங்களைப் பற்றி 'அவைகள் காலைதோறும் புதியவைகள்' என்பது எருசலேம் இடிந்து கிடக்கும்போது பாடிய ஐந்து அதிகாரப் புலம்பலின் நடுவில் வருகிறது. 18ஆம் வசனத்தில் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்கிறவர், 21ல் ஒன்றை மனதிலே வைத்து நம்பிக்கைகொள்வேன் என்கிறார், அதன் பிறகுதான் அந்தப் பிரபலமான வரிகள். முடிந்தபாடில்லை, 48ல் மறுபடியும் கண்ணீர் ஓடுகிறது. நம்பிக்கை வந்த பின்னும் அழுகை நிற்கவில்லை, அழுதபோதும் நம்பிக்கை போகவில்லை. 18லிருந்து 24 வரை ஒரே அட்டையில் பொடி எழுத்தில் எழுதினால் அடங்கிவிடும்.

கைப்பேசி ஆப்களோடு ஒப்பிட்டால்? யூவெர்ஷன் என்ற வேதாகம ஆப் 2008லிருந்து இருக்கிறது, இலவசம், விளம்பரம் கிடையாது, தமிழும் உண்டு. தினசரி வசனத்தைத் தொட்டால் முழு அதிகாரமும் திறக்கும் என்பது அட்டைக்கு இல்லாத பெரிய வசதி. கண் களைத்தவர்கள் ஒலி வடிவம் உள்ள மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். எல்லா மொழிபெயர்ப்பையும் இறக்கி வைத்துக்கொள்ள முடியாது, உரிமம் பொறுத்தது. மருத்துவமனையில் நெட் கிடைக்காது என்றால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் திறந்தோம் என்று காட்டும் கணக்கை, சோர்ந்திருக்கும் காலத்தில் கண்டுகொள்ளாதீர்கள். விட்டுப்போன நாளுக்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இரவு மூன்று மணிக்குப் போனைத் திறந்தால் வசனத்தோடு நிற்காது என்பதால் படுக்கைக்குப் பக்கத்தில் அட்டைதான் சரி.

எந்த அட்டையாலும் ஆகாத வேலையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும். 1 இராஜாக்கள் 19ல் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், தூங்க விடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தேவன் பேசுவது அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. மாத்திரையை நிறுத்திவிட்டு வசனத்தைப் பிடித்துக்கொள் என்று யார் சொன்னாலும், பாஸ்டரே சொன்னாலும், கேட்காதீர்கள். காணிக்கை அனுப்பினால் வாக்குத்தத்தம் பலிக்கும் என்று துண்டுச்சீட்டோடு வரும் பெட்டிகளைப் பற்றி விமர்சனமே தேவையில்லை.

மதிப்பீடு என்றால், மனப்பாடத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் ஐந்துக்கு நாலு. தனியாக, வேதாகமம் இல்லாமல், நீண்ட கஷ்டத்துக்கு என்றால் ஐந்துக்கு ஒன்றரைதான்.

பரிசாகக் கொடுப்பதானால் மரணம் நடந்த வீட்டுக்கு முழுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முதல் வாரத்தில் ரோமர் 8:28 கூடவே கூடாது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. ஒரே ஒரு அட்டை போதும், யோவான் 11:35 போல 'இயேசு கண்ணீர் விட்டார்' என்ற அளவில் சின்னதாக. பின்பக்கத்தில் உங்கள் போன் நம்பரும், அடுத்து எந்தக் கிழமை சாப்பாடு கொண்டுவருவீர்கள் என்பதும் எழுதிக் கொடுங்கள். அந்தக் கிழமை தவறாமல் போய்விடுங்கள்.