லடாக் மலையேற்றத்தில் 25 கிராம் கேஸ் அடுப்பு: நீண்ட நாள் அனுபவம்

மலையேற்றத்துக்கு அடுப்பு தேடுபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது எரிபொருளைப் பற்றி. சென்னையிலிருந்து லே போவதானால் கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது. பெட்டியில் வைத்தாலும் சரி, கைப்பையில் வைத்தாலும் சரி, எடுத்துவிடுவார்கள். ரயிலிலும் தடைதான். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது, உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான். அதனால் போகிற ஊரில் என்ன கிடைக்கும் என்று விசாரித்து, அதற்குப் பொருந்துகிற அடுப்பை வாங்குங்கள். லேயிலும் மணாலியிலும் ட்ரெக்கிங் சாமான் கடைகளில் மரை வைத்த 230 கிராம் கேன் கிடைக்கிறது. அதன் தலையில் திருகி வைக்கும் டைட்டானியம் அடுப்பைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

எடை 25 கிராம். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள். இதே வகையில் பெயர் பெற்ற எம்.எஸ்.ஆர். பாக்கெட்ராக்கெட் 2 எடை 73 கிராம், விலையும் பல மடங்கு. வெந்நீர் போடவும் உப்புமா கிண்டவும் அவ்வளவு செலவு தேவையே இல்லை என்பது என் கருத்து. இதில் தானாகப் பற்றவைக்கும் பொத்தான் கிடையாது. உயரம் போகப் போக லைட்டர் சண்டித்தனம் செய்யும் என்பதால் தீப்பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய எதிரி காற்று. அமைதியான இடத்தில் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 8 கிராம் கேஸ் போதும். காற்றடிக்கும் கணவாயில் அதைப்போல இரண்டு மடங்கு போனாலும் தண்ணீர் கொதிப்பேனா என்கும். காற்று வரும் பக்கம் மட்டும் கற்களை அடுக்கி மறைப்பேன். சுற்றிலும் தகரம் வைத்து அடைத்துவிடக் கூடாது. சூடு கீழே இறங்கிக் கேனே வெடிக்கலாம். அவ்வப்போது கேனைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே அணைத்துவிடுங்கள். கூடாரத்துக்குள் சமைக்கவே வேண்டாம். அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

அப்புறம் குளிர். கேனில் இருக்கும் வாயு வெறும் பியூட்டேன் என்றால், பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாகத் திணறும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. கேன் வாங்கும்போது இந்த இரண்டும் கலந்ததா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். ராத்திரி கேனை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொண்டு படுப்பேன், காலையில் சுடர் ஒழுங்காக வரும்.

3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது என்பதால் பருப்பும் அரிசியும் கேஸைத் தின்னுமே தவிர சீக்கிரம் வேகாது. அவல், வறுத்த ரவை, சேமியா, இவைதான் சரிப்படும்.

குறை என்றால், பாத்திரம் தாங்கும் மூன்று கைகளும் மெல்லியவை. முழு வேகத்தில் நெடுநேரம் எரித்ததில் ஒன்று லேசாக வளைந்துவிட்டது. அதிலிருந்து பாதிச் சுடரில்தான் வைக்கிறேன், ஒரு லிட்டருக்கு மேல் பாத்திரம் ஏற்றுவதில்லை. இரண்டு பேருக்கு இது தாராளம். நான்கு பேருக்குச் சமைப்பதானால் கேனைத் தள்ளி வைத்துக் குழாயில் இணைக்கும் அடுப்பை வாங்குங்கள். எடை கூடினாலும் அது தரையில் அகலமாக உட்காரும். பெரிய பாத்திரம் கவிழாது.