பழைய பியூப்லோ பானை: கையெழுத்தை நம்புவதா, மண்ணை நம்புவதா?

பழம்பொருள் கடையிலோ ஏலத்திலோ, அமெரிக்கப் பழங்குடியினரான பியூப்லோ மக்களின் பானை ஒன்று கிடைத்தால், உடனே கவிழ்த்து அடியில் பெயரைத் தேடுவோம். பெயர் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் ஏமாற்றம். இரண்டுமே அவசரம்தான். நியூ மெக்சிகோவின் 19 பியூப்லோ ஊர்களிலும் அரிசோனாவின் ஹோப்பி ஊர்களிலும் பானையில் பெயர் எழுதுவது பழைய வழக்கமே அல்ல. 1920களில் சான் இல்டிஃபோன்சோ என்ற பியூப்லோ ஊரில் தொடங்கியது. பல ஊர்களில் 1950க்குப் பிறகுதான் பரவலானது. எனவே நல்ல பழைய பானைகளில் பெரும்பகுதி பெயரில்லாதவை.

செய்தவரைத் தேட நான்கு வழிகள் உண்டு: மண், கையெழுத்து, சித்திரம், கூடவே வரும் சீட்டு. மண்ணில் தொடங்குவதே சரி. மண் ஆளைக் காட்டாது, ஊரைக் காட்டும். ஊரோடு ஒத்துப்போகாத கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சின்ன டார்ச்சும் போதும். விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தையோ, பூச்சு தேய்ந்த அடிப்பகுதியையோ பாருங்கள். செங்கல் நிற மண்ணுக்குள் கறுப்புக் கல் துகள்கள் தெரிந்தால் சியா என்ற ஊர்; அங்கே எரிமலைப் பாறையான பசால்ட்டை இடித்துக் கலப்பார்கள். வெளுத்த மண்ணில் உடைந்த பழைய பானை ஓட்டின் துகள்களும், கையில் எடுத்தால் எதிர்பாராத லேசும் இருந்தால் அக்கோமா என்று ஊகிக்கலாம். ஆனால் சூனியிலும் ஓட்டுப்பொடி கலப்பது உண்டு என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. ஹோப்பி மண் நைசாக இருக்கும், கலப்பு கண்ணுக்கு எளிதில் படாது; சுட்ட பிறகு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து திட்டுத் திட்டாகத் தெரியும். மேலெல்லாம் மைக்கா (அப்பிரகம்) மினுங்கினால் டாவோஸ், பிக்குரிஸ் பக்கம் தேடுங்கள்.

பிறகு உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள். இவர்கள் சக்கரத்தில் வனைவதில்லை; மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கி எழுப்புகிறார்கள். அதனால் உட்சுவரில் மெல்லிய மேடுபள்ளம் தட்டுப்படும். சுவர் எங்கும் ஒரே கனமாக, வெளி வளைவை அப்படியே உள்ளும் காட்டினால் அது அச்சில் வார்த்தது. அச்சுப் பானையை வாங்கி, மேலே மட்டும் கையால் வரைந்து விற்பவர்கள் அக்கோமாவில் உண்டு. கையெழுத்து உண்மையாக இருக்கலாம். பானை அவர் எழுப்பியதல்ல.

மண் கைவிடும் இடம் கறுப்புப் பானை. சான் இல்டிஃபோன்சோவிலும் சாண்டா கிளாராவிலும் எரிமலைச் சாம்பல்தான் கலப்பு. இரண்டிலும் எரியும் நெருப்பைச் சாணப்பொடியால் மூடிப் புகையடைத்துத்தான் கறுப்பாக்குகிறார்கள். இங்கே வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். கனத்த சுவர், ஆழமாகச் செதுக்கிய வடிவம், கழுத்தில் கரடிப் பாதம் அழுத்திய தடம் என்றால் பெரும்பாலும் சாண்டா கிளாரா. பெயர்பெற்ற குயவர் மார்கரெட் தஃபோயா அவ்வூர்க்காரர். பளபளக்கும் கறுப்பின் மேல் மங்கிய கறுப்பில் சித்திரம் என்றால் சான் இல்டிஃபோன்சோ பக்கம் சாய்க. ஆனாலும் 1930களில் ரோஸ் கொன்சாலெஸ் என்ற குயவர் செதுக்கும் முறையைச் சான் இல்டிஃபோன்சோவுக்கும் கொண்டுவந்தார். அவான்யு என்ற நீர்ப்பாம்பு இரண்டு ஊரிலும் நெளிகிறது.

கையெழுத்து தனித்துப் பலன் தருவது சான் இல்டிஃபோன்சோவின் புகழ்பெற்ற குயவர் மரியா மார்ட்டினெஸ் விஷயத்தில்தான். அவர் எழுதிய விதம் காலத்துக்குக் காலம் மாறியது. 1920களின் தொடக்கத்தில் ‘மேரி’ மட்டும். அடுத்து 1943 வரை, கணவர் ஜூலியன் சித்திரம் தீட்டிய காலத்தில், ‘மேரி + ஜூலியன்’. ஜூலியன் இறந்த பிறகு மருமகள் சந்தானாவோடு ‘மேரி + சந்தானா’. 1950களின் நடுவிலிருந்து மகன் போபோவியோடு ‘மரியா/போபோவி’. இந்தக் கடைசி வகையில் பலவற்றில் மாதமும் ஆண்டும் சேர்த்த எண் இருக்கும், 667 என்றால் 1967 ஜூன். ‘மரியா போவேகா’ என்பது சித்திரமில்லாத வழுவழுப் பானைகளுக்கான கையெழுத்து. சித்திரம் தீட்டிய பானையில் அது இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கையெழுத்தின் கோடுகளையும் லென்ஸில் பாருங்கள். சுடுவதற்கு முன் எழுதிய கோட்டின் ஓரம் மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள்ளும் அதே கறுப்பு. பிற்பாடு கீறியது மெருகைக் கிழித்து, ஓரம் பொரிந்து, உள்ளே வெளிறித் தெரியும். இவ்வளவும் தேறினாலும் ஒரு சிக்கல் மிச்சம்: அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டால் அவர்கள் பானையிலும் மரியா தன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து உண்மை, கை வேறு.

ஹோப்பியில் பெயருக்குப் பதில் சின்னம் வரும். அடியில் தவளை இருந்தால் கால் விரல்களைக் கவனியுங்கள். விரல்கள் தனித்தனிக் கோடாக நின்றால் பாக்குவா நாஹா. விரலிடையில் சவ்வு வரைந்திருந்தால் அவர் மகள் ஜாய் நவாசி. இறகு போட்டவர் பாக்குவாவின் மருமகள் ஹெலன் நாஹா. ‘நாம்பேயோ’ என்று எழுதியிருந்தால் ஹோப்பியின் புகழ்பெற்ற குயவரான மூத்த நாம்பேயோ என்று தாவிவிட வேண்டாம். 1942இல் மறைந்த அவர் எழுதத் தெரியாதவர். அவர் பானைகள் பெரும்பாலும் வெறுமையானவை. மகள் ஃபேனியும் பேரப்பிள்ளைகளும்தான் குடும்பப் பெயராக அதை எழுதினார்கள்.

சித்திரம் நான்கிலும் பலவீனமானது. வாயிலிருந்து இதயத்துக்கு அம்பு ஓடும் மான் சூனியின் அடையாளம் என்பார்கள். அக்கோமாவின் லூசி லூயிஸும் அதையே வரைந்திருக்கிறார். ஆனால் காலத்தைப் பொய்ப்பிக்கச் சித்திரம் உதவும். கறுப்பின் மேல் மங்கிய கறுப்பு 1919 வாக்கில்தான் மரியா, ஜூலியன் கையில் உருவானது. அந்த வகைப் பானையை ‘1900க்கு முந்தியது’ என்று விற்றால் கடையை விட்டு நகருங்கள். காகிதம்போல் மெல்லிய சுவரும் நுணுக்கமான கோடும் கண்டு மயங்கினால், அது எல்லை தாண்டிய மெக்சிகோவின் மாதா ஓர்த்திஸ் ஊர்ப் பானையாகவும் இருக்கலாம். நல்ல கைவேலைதான், ஆனால் பியூப்லோ பானை அல்ல.

சீட்டு விற்ற இடத்தைச் சொல்லும், செய்தவரைச் சொல்லாது. ரயில் பயணிகளுக்கு விடுதியும் கடையும் நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனத்தின் சீட்டு பழைய பானையில் ஒட்டியிருந்தால் காலத்தைக் குறுக்க உதவும். அதை உரிக்காமல் படமெடுத்து வையுங்கள்.

தேடும் ஆர்வத்தில் பானையைக் கெடுப்பவர்களே அதிகம். குறைந்த சூட்டில் சுட்ட இவை நீரை உறிஞ்சும். கறுப்புப் பானையை ஈரத் துணியால் துடைத்தாலே மெருகில் கறை விழலாம். காய்ந்த மென்தூரிகை போதும். அடியில் ஒட்டிய துணி வட்டம் பெயரை மறைத்தால் கரைப்பான் ஊற்ற வேண்டாம், பழைய ஒட்டுவேலையும் சேர்ந்து கரையும். இருட்டில் புற ஊதா விளக்கடித்தால் பிற்காலத்துப் பிசினும் சாயமும் பல சமயம் தனி நிறத்தில் ஒளிரும். கையெழுத்தைச் சுற்றியே அப்படி ஒளிர்ந்தால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

பெயர் கடைசிவரை கிடைக்காவிட்டால் ‘அக்கோமா, செய்தவர் தெரியவில்லை, 1950 வாக்கில்’ என்று எழுதி விற்பது கௌரவமானது, பாதுகாப்பானதும்கூட. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.